நான்கு பேர், மூன்று ரிவியூ: இறுதியாண்டுப் புராஜெக்டைக் கிட்ஹப் எவ்வளவு தாங்கும்?

எட்டாம் பருவத்தின் முதல் வாரத்தில் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மூன்று ரிவியூக்களுக்கு மூன்று தேதிகள், அவற்றின் கீழே வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு ஒரு தேதி, அவ்வளவுதான் அதில் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டப்படி கணினி அறிவியல் மாணவர்கள் மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் கீழ் 10 கிரெடிட் மதிப்புள்ள இறுதியாண்டுப் புராஜெக்டை முடிக்க வேண்டும். முன்னேற்றம் ரிவியூக்களில் குறைந்தது மூன்று முறை மதிப்பிடப்படும். இறுதியில் வெளித்தேர்வாளரும் உள்தேர்வாளரும் சேர்ந்து வாய்மொழித் தேர்வு நடத்துவார்கள். நால்வரும் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டோம். படம் பிடித்ததும் தேதிகள் எங்கள் கட்டுக்குள் வந்துவிட்டதாக ஒரு நிம்மதி ஏற்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் பயன்படுத்திய கருவி கிட்ஹப். நிரலைப் பாதுகாப்பதில் அதன் திறமையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஒரு மாணவர் குழுவின் கெடுவையும் வேலைப் பங்கீட்டையும் அது எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எங்கள் வகுப்பில் பலர் கடைசி வரை இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தனர். கோப்புகளில் நிகழும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்குவோர் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் நின்றுபோனதை அடுத்து லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதினார். அந்தப் பதிவுகளை இணையத்தில் வைத்து, வேலைப் பட்டியல், விவாதம், ஒப்புதல் ஆகியவற்றுக்கும் அங்கேயே இடம் தரும் சேவை கிட்ஹப்; 2008இல் தொடங்கிய அதனை 2018இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. பிறர் பார்க்க முடியாத தனி ரெப்போ (புராஜெக்டின் கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்) வேண்டுமென்றால் பொதுவாகப் பணம் கட்ட வேண்டும் என்ற நிலை 2019 ஜனவரியில் மாறி, மூன்று கூட்டாளிகள் வரை இலவசம் என்றானது. 2020 ஏப்ரலில் அந்த வரம்பும் நீங்கியது. ஆகவே இன்று நால்வர் குழுவுக்கு இதில் காசு செலவு இல்லை. மாணவர் என்பதற்குச் சான்று காட்டி விண்ணப்பித்தால், 2014 முதல் வழங்கப்பட்டுவரும் மாணவர் தொகுப்பின் வழியாகக் கட்டணத் திட்டமான ப்ரோவும் இலவசமாகக் கிடைக்கும். அதற்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

தொடங்குவது எளிது என்று சொல்ல மாட்டேன். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல், நிரலை அனுப்பும்போது கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கன் என்ற தனிக் குறியீடு அல்லது எஸ்எஸ்எச் சாவி என்ற அடையாளக் கோப்பு வேண்டும். பழைய காணொளிகளையும் சீனியர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளையும் பார்த்துச் செய்பவர்களுக்கு முதல் மாலை இந்த ஒரு படியிலேயே கழிந்துவிடும். எங்களுக்கு இதைவிடப் பெரிய குழப்பம் ஆய்வகக் கணினியில் காத்திருந்தது. மாற்றத்தைப் பதியும் ஒவ்வொரு கமிட்டும் யாருடையது என்பதை, அந்தக் கணினியில் கிட்டுக்குச் சொல்லி வைத்திருக்கும் பெயரும் மின்னஞ்சலும்தான் முடிவு செய்கின்றன. நாங்கள் உட்கார்ந்த கணினியில் முந்தைய ஆண்டு மாணவர் ஒருவர் தம் மின்னஞ்சலைப் பதிந்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வாரங்கள் கழித்து ரெப்போவைப் பார்த்தபோது, படித்து முடித்து வேலைக்கே போய்விட்ட ஒருவர் எங்கள் புராஜெக்டின் லாகின் பக்கத்தை எழுதியதாகப் பதிவாகியிருந்தது. ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் முதல் கமிட்டுக்கு முன் இந்த இரண்டு வரிகளைச் சரிபார்த்துவிட வேண்டும்.

எங்கள் தலைப்பு, நெற்பயிரின் இலையைக் கைப்பேசியில் படம் பிடித்தால் அதில் என்ன நோய் தாக்கியிருக்கிறது என்று சொல்லும் செயலி. இதே தலைப்பை ஆண்டுதோறும் எத்தனையோ குழுக்கள் எடுக்கின்றன என்பது எங்களுக்கும் தெரியும். படங்களைத் திரட்டி வகைப்படுத்துவது, படத்தைப் பார்த்து நோயை அடையாளம் காணும் மாடலைப் பயிற்றுவிப்பது, சர்வர், செயலி என்று வேலையை நான்காகப் பிரித்துக்கொண்டோம்.

கிட்ஹப்பில் எங்களுக்கு உண்மையாகவே உழைத்த பகுதி இஷ்யூ. செய்ய வேண்டிய வேலை ஒவ்வொன்றையும் ஓர் இஷ்யூவாகப் பதிவு செய்தால் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. யார் செய்வது என்று பெயரைச் சேர்க்கலாம். அதன் கீழேயே பேசிக்கொள்ளலாம், படம் ஒட்டலாம், முடிந்ததும் மூடலாம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. முதலில் நாங்கள் எழுதிய இஷ்யூக்கள் 'லாகின்', 'மாடல்', 'யூஐ' என்று ஒற்றைச் சொற்களாக இருந்தன. 'மாடல்' என்று எழுதப்பட்ட இஷ்யூ எப்போது முடியும்? ஒருபோதும் முடியாது, வைவா அன்றும் அது திறந்தே இருக்கும். 'குலைநோய், இலைப்புள்ளி ஆகிய இரண்டையும் மட்டும் பிரித்தறியும் மாடலைப் பயிற்றுவித்து, துல்லியத்தை இங்கே எழுதவும்' என்று மாற்றி எழுதிய பிறகு, அது மூன்றே நாளில் மூடப்பட்டது. ஒரு மாணவர் இரண்டு மாலைகளில், அதிகம் போனால் மூன்றில், முடிக்கக்கூடிய அளவுக்கு வேலையை நறுக்குவதே இதில் உள்ள திறமை. அதைக் கருவி செய்து தராது, ஆனால் நறுக்காமல் எழுதியது எது என்பதை, நாள்கணக்கில் திறந்தே கிடப்பதன் மூலம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் இஷ்யூவை ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. அந்த வசதியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மங்கலான படங்களை நீக்கும் வேலையில் இருவர் பெயரைச் சேர்த்தோம். அவர் பார்ப்பார் என்று இவரும் இவர் பார்ப்பார் என்று அவரும் இருக்க, பத்து நாள் அப்படியே கிடந்தது. பிறகு ஒருவர் பெயரை எடுத்துவிட்டோம், வேலை நடந்தது.

இன்னொரு சிறிய வசதியைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒருவர் தம் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் 'குளோசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையும் இஷ்யூவின் எண்ணையும் எழுதிவிட்டால், அந்த மாற்றம் முதன்மைக் கிளையில், அதாவது எல்லோருக்கும் பொதுவான பிரதியில், இணைந்த அக்கணமே இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். 'முடிச்சிட்டேன்டா' என்று வாட்ஸ்அப்பில் சொல்வதற்கும் நிரல் உள்ளே வந்து இஷ்யூ மூடுவதற்கும் இடையே எத்தனை தூரம் இருக்கிறது என்பதைக் குழுவாக வேலை செய்த எவரும் அறிவார்கள்.

கெடுவுக்கென்று கிட்ஹப் தருவது மைல்ஸ்டோன். அதற்கு ஒரு பெயரும் கடைசித் தேதியும் கொடுத்து, தொடர்புடைய இஷ்யூக்களை அதன் கீழ் சேர்த்தால், எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதை ஒரு பட்டை காட்டும். இந்தப் பட்டையை நம்பி நாங்கள் முதல் ரிவியூவில் நன்றாக அடிவாங்கினோம். மொத்தம் 20 இஷ்யூக்களில் 18 மூடப்பட்டிருந்தன. பட்டை 90 விழுக்காடு என்றது. மீதமிருந்த இரண்டில் ஒன்று மாடலைப் பயிற்றுவிப்பது, மற்றொன்று அதைச் சர்வருடன் இணைப்பது. பட்டை இஷ்யூக்களின் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது; பொத்தானின் நிறத்தை மாற்றுவதும் மாடலைப் பயிற்றுவிப்பதும் அதன் கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான். 90 விழுக்காடு என்று பச்சையாகத் தெரிந்த புராஜெக்டுக்கு ரிவியூவில் காட்ட ஓர் அவுட்புட் கூட இல்லை. சுலபமானவற்றை முதலில் முடித்து மனநிறைவு அடையும் பழக்கம் மாணவர்களுக்கு இயல்பாகவே உண்டு. இந்தப் பட்டை அதற்குத் தூபம் போடுகிறது. இரண்டாம் ரிவியூவுக்கு முன் பெரிய வேலைகளை ஐந்தாறு இஷ்யூக்களாக உடைத்துவிட்டோம், பட்டையும் ஓரளவு உண்மை பேசத் தொடங்கியது.

மைல்ஸ்டோனின் தேதியும் அப்படித்தான். தேதி கடந்துவிட்டால் கடந்துவிட்டது என்று அந்தப் பக்கத்தில் தெரியும், அதுவும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டும். பொங்கல் விடுமுறையில் நால்வரும் நான்கு ஊரில் இருப்போம், இன்டர்னல் தேர்வு வாரத்தில் யாரும் லேப்டாப்பைத் திறக்க மாட்டோம், பிளேஸ்மென்ட் நேர்காணல் வந்தால் ஒருவர் மூன்று நாள் காணாமல் போவார் என்பதெல்லாம் அதற்குத் தெரிய வழியில்லை. ஆகவே கெடுவை நாங்கள் வேறு விதமாகப் பார்த்துக்கொண்டோம். துறை அறிவித்த ரிவியூ தேதிக்கு ஐந்து நாள் முன்னதாக மைல்ஸ்டோனை வைத்தோம். அறைச் சுவரில் பருவம் முழுவதற்கும் ஒரு நாள்காட்டித் தாளை ஒட்டி, விடுமுறைகளையும் தேர்வுகளையும் சிவப்பில் அடித்தோம். அடித்து முடித்தபோது, பதினான்கு வாரம் என்று நாங்கள் நினைத்திருந்த காலம் எட்டு வாரமாகச் சுருங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு உணவுக்குப் பின் திறந்திருக்கும் இஷ்யூக்களை ஒருவர் உரக்கப் படிப்பார்; உரியவர் 'முடியும்' அல்லது 'முடியாது' என்று மட்டும் சொல்ல வேண்டும். கருவி செய்யாத வேலையை அந்த இருபது நிமிடம் செய்தது.

பலகை, அட்டவணை, காலவரிசை ஆகிய தோற்றங்களில் வேலைகளைக் காட்டும் புராஜெக்ட்ஸ் பகுதியும் இருக்கிறது. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தலாம். நாங்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிட்டோம். அட்டைகளை இடமிருந்து வலம் நகர்த்துவது தனியொரு வேலையாகிவிட்டது.

புல் ரிக்வெஸ்ட், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே முதன்மைக் கிளையில் சேர்ப்பதற்கான ஏற்பாடு. ஒப்புதல் இல்லாமல் யாரும் நேரடியாகச் சேர்க்க முடியாதபடி கிளையைப் பூட்டவும் முடியும். ஆனால் தனி ரெப்போக்களில் இந்தப் பூட்டு இலவசத் திட்டத்தில் இல்லை, ப்ரோ வேண்டும். மாணவர் தொகுப்புக்கு முதல் வாரமே விண்ணப்பிக்கச் சொன்னதன் காரணம் இதுதான். பூட்டு இல்லாத நாட்களில் எங்களில் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு நேரடியாக அனுப்பிய மாற்றம், காலை ஒன்பது மணிக்கு வழிகாட்டியிடம் காட்டவிருந்த செயலியைத் திறக்கவிடாமல் செய்தது. பூட்டிய பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. எழுநூறு வரி மாற்றத்தைத் திறந்து பார்க்காமலே 'ஓகே மச்சி' என்று ஒப்புதல் தருவது எங்களிடையே சகஜமாக இருந்தது. மாற்றம் நூறு வரிக்குள் இருந்தபோதுதான் மற்றவர் உண்மையில் படித்தார், கேள்வியும் கேட்டார்.

மாடல் எழுதுபவர்களுக்கு இதில் தனித் தலைவலி ஒன்று உண்டு. பைத்தான் நோட்புக் கோப்பு பார்ப்பதற்கு நிரல்போல இருந்தாலும், உள்ளே அது ஜேசன் என்ற எழுத்து வடிவில் நிரலையும் அதன் விளைவுகளையும் வரைபடங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஒரு வரியைக்கூட மாற்றாமல் இருவர் அதை ஓட்டிச் சேமித்தாலே, கிட்டின் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு கோப்புகள். இணைக்கும்போது மோதல் ஏற்பட்டால், படங்களைக் குறிக்கும் முடிவில்லாத எழுத்துக் குவியலின் நடுவே மோதல் குறிகளைத் தேட வேண்டியிருக்கும். இடம் மாறி ஒரு காற்புள்ளி அழிந்தால் நோட்புக்கே திறக்காது. விளைவுகளை முழுவதும் அழித்துவிட்டுச் சேமிப்பது, ஒரு நோட்புக்கை ஒருவர் மட்டுமே தொடுவது, உருப்படியான நிரலைத் தனிப் பைத்தான் கோப்பாக எடுத்துவிடுவது என்ற மூன்று வழக்கங்களுக்கு வந்த பிறகே எங்களுக்கு இதில் அமைதி கிடைத்தது.

கோப்பின் அளவு வரம்பையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 50 எம்பி தாண்டினால் எச்சரிக்கை வரும், 100 எம்பி தாண்டினால் கிட்ஹப் ஏற்காது. இது வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்ட விதி. படிக்காதது எங்கள் தவறு. இரண்டாம் ரிவியூவுக்கு முந்தைய இரவு பதினொன்றே முக்காலுக்கு, விஜிஜி16 என்ற பெரிய மாடலின் அடிப்படையில் பயிற்றுவித்த 500 எம்பிக்கும் மேற்பட்ட மாடல் கோப்பை எங்களில் ஒருவர் கமிட் செய்து அனுப்பினார், திரும்பி வந்தது. கோப்பை அழித்து மீண்டும் கமிட் செய்து அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது. இன்றைய கோப்புறையில் அது இல்லாவிட்டாலும் முந்தைய கமிட்டில் இருக்கிறது, அனுப்பும்போது வரலாறும் சேர்ந்தே போகிறது என்பது புரிய இரவு ஒன்றரை ஆனது. கடைசியில் ரெப்போவை கிட்ஹப்பிலிருந்து வேறு கோப்புறையில் புதிதாக நகலிறக்கி (குளோன் செய்து), மாடலைத் தவிர மற்றவற்றை மட்டும் கையால் நகலெடுத்து அனுப்பினோம். மறுநாள் இதைக் கேட்ட எங்கள் வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "ஃபோன்ல ஓடணும்னா சின்ன மாடலா எடுங்கப்பான்னு முதல் நாளே சொன்னேனே" என்றார். சொன்னதுதான். 16 எம்பி கோப்பே கொண்ட, மொபைல்நெட் என்ற சிறிய மாடலுக்கு மாறினோம், வரம்பும் தடையாகவில்லை, செயலியும் வேகமானது.

எனக்குக் கிட்ஹப்பின் மீது உள்ள பெரிய குறை, பங்களிப்பாளர் வரைபடம். யார் எத்தனை கமிட் செய்தார், எத்தனை வரி சேர்த்தார், எத்தனை வரி நீக்கினார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படம் போட்டுக் காட்டும் இந்தப் பக்கம், தனி ரெப்போவில் ப்ரோ இருந்தால் தெரியும். முதன்மைக் கிளையில் சேர்ந்தவை மட்டுமே இதன் கணக்கில் வரும். வேறு கிளையில் உழைத்து அதில் சேராமல் போனது உழைப்பே அல்ல. நால்வரில் யார் வேலை செய்தார் என்பதை ஒரே பார்வையில் அறிய விரும்பும் தேர்வாளர் குழுவுக்கு இதைவிடக் கவர்ச்சியான பக்கம் கிடையாது என்பதுதான் ஆபத்து. எங்கள் வரைபடத்தில் முதலிடத்தில் இருந்தவர், நோய்ப் பெயர்களும் படங்களின் பெயர்களும் அடங்கிய சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பு ஒன்றைத் தவறுதலாக இருமுறை ஏற்றியவர். ஆயிரக்கணக்கான வரிகள் அவர் பெயரில் நின்றன. நான்காவது இடத்தில், ஆய்வகக் கணினியின் புண்ணியத்தில், எங்களுடன் படிக்காத அந்தச் சீனியர் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் உறவினர் வயலில் நான்கு வார இறுதிகள் இறங்கி நின்று இலைகளைப் படம் பிடித்து, வேளாண்மை படித்தவர் ஒருவரின் உதவியோடு அவற்றை நோய்வாரியாகப் பிரித்த தோழியின் பெயர் வரைபடத்தில் இல்லவே இல்லை. படங்கள் கூகுள் டிரைவில் இருந்தன; டிரைவில் செய்த வேலை இங்கே கமிட் ஆகாது.

வைவாவில் அந்தப் பக்கம் திரையில் இருந்தபோது வெளித்தேர்வாளர் அந்தத் தோழியைப் பார்த்து, "நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் இஷ்யூ பட்டியலைத் திறந்து, தம் பெயரில் மூடப்பட்டவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டினார். 31 இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அன்றைய படங்கள், எந்த இலையை ஏன் தள்ளிவிட்டார் என்ற குறிப்பு, தேதி. தேர்வாளர் நான்கைந்தைத் திறந்து படித்தார். அதன் பிறகு அவரிடம் கேட்டவை எல்லாம் நெல்லைப் பற்றிய கேள்விகள். நிரல் எழுதாத உறுப்பினர் எந்தக் குழுவிலும் இருப்பார், அறிக்கை எழுதுபவர், சோதித்துப் பார்ப்பவர், தரவு திரட்டுபவர் என்று. அவர்களுடைய வேலையும் இஷ்யூவாகப் பதிவாகட்டும். இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து எழுதினால், கமிட் செய்தியின் இறுதியில் இணை ஆசிரியர் வரி ஒன்றைச் சேர்த்து மற்றவரின் பெயரையும் மின்னஞ்சலையும் குறிப்பிடலாம். அப்போது கமிட் இருவருக்கும் உரியதாகக் காட்டப்படும். இதை நாங்கள் மூன்றாம் ரிவியூவுக்குப் பிறகுதான் அறிந்தோம்.

அறிக்கையை மட்டும் கிட்ஹப்புக்குள் கொண்டுவர வேண்டாம். வேர்ட் கோப்பில் எந்த வரி மாறியது என்பதை அதனால் காட்ட முடியாது. இருவர் ஒரே நாளில் திருத்தினால் ஒருவருடையதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். கூகுள் டாக்ஸில் எழுதி, பைண்டிங் கடைக்குப் போகும் அன்று பிடிஎஃப் ஆக்கிக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு மாணவர்கள் கேட்டால், மாணவர் தொகுப்பு, பூட்டிய முதன்மைக் கிளை, சிறிய இஷ்யூக்கள் ஆகிய மூன்றுக்காகக் கிட்ஹப்பைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தேதியைச் சுவரில் ஒட்டச் சொல்வேன்.

வைவா முடிந்த மறுவாரம், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம் என்று ரெப்போவைப் பொதுவாக்க நினைத்தோம். அதற்கு முன் பழைய கமிட்டுகளைப் புரட்டியதில், பிப்ரவரியில் யாரோ ஏற்றி மறுநாளே அழித்த அமைப்புக் கோப்பில் எங்கள் தரவுத்தளத்தின் கடவுச்சொல் அப்படியே இருந்தது. 500 எம்பி கோப்பு கற்றுத்தந்த பாடம் நினைவில் இருந்ததால், அழித்தாயிற்றே என்று யாரும் வாதிடவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத்தான் பொதுவாக்கினோம். லாகின் பக்கம் இன்னும் அந்தச் சீனியர் பெயரில்தான் இருக்கிறது.